கரண்ட் எப்போது திரும்பி வரும்?

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் ஒசூர் சாலையை ஒட்டிய எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், வீட்டுக்கு யூபிஎஸ் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே ஜோடியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: 850 விஏ அல்லது அதையொட்டிய அளவில் ஓர் இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று. எத்தனை ஃபேன், எத்தனை லைட், டிவி உண்டா, வைஃபை உண்டா என்பதோடு கடைக்காரரின் விசாரணை முடிந்துவிடும். போன கரண்ட் எவ்வளவு நேரத்தில் திரும்பி வரும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. சில மணி நேரத்தில் பெஸ்காம் மின்சாரம் வந்துவிடும், வந்ததும் பேட்டரி தானாக நிறைந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையின் மீதுதான் அந்த ஜோடியே நிற்கிறது.

அதே ஜோடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு படகில் வைத்தால் தகராறு தொடங்குகிறது. படகில் கரண்ட் 'திரும்பி வருவது' என்றால் என்ன? எஞ்சினை ஓட்டினால் டைனமோ சார்ஜ் செய்யும். வெயில் அடித்தால் சோலார் தகடு சார்ஜ் செய்யும். கரைக்கு வந்தால் பிளக்கைச் சொருகலாம். இந்த மூன்றும் இல்லாத மிக நீண்ட இடைவெளி எவ்வளவு? இரண்டு மணி நேரமா, ஓர் இரவா, மூன்று நாளா? படகுக்கான பேட்டரியின் அளவை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். எத்தனை லைட், எத்தனை ஃபேன் என்பதெல்லாம் இதற்கு அடுத்தது.

கணக்குக்குள் இறங்குமுன் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 12 வோல்ட்டை 150 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. மின் கட்டண ரசீதின் மொழியில் 1.8 யூனிட். ஐம்பது கிலோவைத் தாண்டும் ஒரு பெட்டிக்குள் இரண்டு யூனிட் மின்சாரம்கூட இல்லை. அந்த 150-ம் நிபந்தனையோடு தரப்பட்ட எண். 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 கிடைக்கும். அவசரப்பட்டு எடுத்தால் குறையும். ஈய பேட்டரியின் தகடுகள் பஞ்சு மாதிரித் துளைகள் நிறைந்தவை. மின்சாரம் வெளியேறும்போது அந்தத் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் செலவாகிறது, வெளியில் இருக்கும் அமிலம் மெல்ல ஊடுருவி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நாம் இழுக்கும் வேகத்துக்கு அமிலத்தால் ஈடுகொடுக்க முடியாதபோது, பேட்டரிக்குள் சரக்கு இருந்தும் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது.

வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன் அடுக்குக்குறி 1.2 என்று கொண்டு கணக்கிட்டால், நம் 150 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் இழுக்கும்போது அது மூன்று மணி நேரம் தாங்காது, இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கிடைப்பது ஏறக்குறைய 103 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர் என்பது 600 வாட்தான். அதையும் அடிவரை வறளவிட முடியாது. ஈய பேட்டரியை நாள்தோறும் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். 80 சதவீதம் வரை இறக்கலாம் என்று டியூபுலர் பேட்டரிக்காரர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்கான விலையை ஆண்டுக் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். கடலுக்குப் போகும் படகில் பாதிதான் நம் பங்கு என்று வைத்துக்கொள்வதையே நான் சரியென்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் நேரத்தைத் தெளிவாக அறிந்து செய்த ஒரு கணக்குக்குக் கேரளத்தின் 'ஆதித்யா' நல்ல எடுத்துக்காட்டு. வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு வேம்பநாட்டு ஏரியைக் கடக்கும் பயணிகள் படகு அது. வைக்கம் என்றதும் தமிழருக்கு 1924-இன் போராட்டமும் பெரியாரும் நினைவுக்கு வருவார்கள். அதே ஊர்ப் படகுத்துறையில் 2017 ஜனவரி 12 அன்று இந்தியாவின் முதல் சூரிய மின் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. கட்டியது கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம், ஓட்டுவது கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை. 75 பயணிகள், 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரட்டை உடல். கூரையில் 20 கிலோவாட் சோலார், உடலுக்கு ஒன்றாக இரண்டு 20 கிலோவாட் மோட்டார்கள், 50 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி.

வழக்கமான வேகமான மணிக்கு ஐந்தரை கடல்மைலில் ஆதித்யா ஏறக்குறைய 16 கிலோவாட் எடுத்துக்கொள்கிறது. பேட்டரியில் 80 சதவீதத்தை, அதாவது 40 கிலோவாட்-மணியைப் பயன்படுத்தினால் இரண்டரை மணி நேரம்தான் ஓடும். ஆனால் படகு நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 88 கிலோவாட்-மணி தேவை. மீதியைத் தருவது வெயில். நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைத்தாலே 20 கிலோவாட் தகடுகளிலிருந்து 80 கிலோவாட்-மணி வருகிறது. சாயங்காலம் படகு துறைக்கு வந்துவிடும், குறைந்ததைக் கரை மின்சாரத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஆகவே பேட்டரி ஒரு நாள் முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. மேகம் மறைக்கும் நேரத்தையும் புறப்படும்போது கூடும் சுமையையும் தாங்கினால் போதும். சற்றுப் பயந்த ஒருவர் 100 கிலோவாட்-மணி வைத்திருப்பார். அந்த எடை படகை நீரில் இன்னும் ஆழ்த்தியிருக்கும், ஆழ்ந்த படகு இன்னும் அதிக மின்சாரம் கேட்டிருக்கும்.

இந்தப் படகில் இன்னொரு கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. நீரில் ஓடும் படகுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆதித்யாவின் உச்ச வேகம் மணிக்கு ஏழரை கடல்மைல். ஏழரையை ஐந்தரையால் வகுத்து மும்மடியாக்கினால் சுமார் 2.5. பதினாறை அந்த 2.5-ஆல் பெருக்கினால் 40 கிலோவாட், அதாவது இரண்டு மோட்டார்களின் முழுத் திறன். வேகத்தில் இரண்டு கடல்மைல் கூட்டுவதற்கு இரண்டரை மடங்கு மின்சாரம்! மின்படகின் பேட்டரிக் கணக்கில் மிகப் பெரிய சேமிப்பு நிதானமாக ஓட்டுவதில்தான் இருக்கிறது. 1881-இல் பாரிஸில் சேன் ஆற்றில் மின்படகு ஓட்டிக்காட்டிய குஸ்தாவ் துரூவேயின் பெயரால் வழங்கப்படும் விருது 2020-இல் ஆதித்யாவுக்குக் கிடைத்தது. தகுதியான படகுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடல் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள், பல வாரம் தங்கி மீன்பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது அவர்களில் பலர் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். படகு வயர்லெஸ்ஸின் அலைகள் நேர்க்கோட்டில் போகிறவை, சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாதவை. எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லை. பலர் திரும்பவே இல்லை. தப்பியவர்கள் சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கினார்கள். அதன் பிறகே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் தமிழ்நாட்டு விசைப்படகுகளில் ஏறின. ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் பொருத்தும் நாடு தழுவிய திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இந்தக் கருவி வேலை செய்ய வேண்டுமானால் படகில் மின்சாரம் இருக்க வேண்டும். எஞ்சின் நின்று, வானம் மூடி, படகு அலைபோன போக்கில் போகும் நாளில்தான் அது மிகவும் தேவைப்படும். கரண்ட் எப்போது திரும்பி வரும் என்று எவராலும் சொல்ல முடியாத நாள் அது.

அப்படிப்பட்ட ஒரு தங்குகடல் படகுக்கு நாமே கணக்குப் போடுவோம். எண்கள் படகுக்குப் படகு மாறும், போடும் முறை மாறாது. வழிவிளக்குகள் எல்லாம் எல்இடி, மொத்தம் 15 வாட், இரவு 12 மணி நேரம்: 180 வாட்-மணி. தளத்தில் வலை இழுக்கும்போது எரியும் விளக்குகள் 40 வாட், நான்கு மணி நேரம்: 160. சுக்கான் அறையிலும் சமையல் இடத்திலும் 60. ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 20 வாட், 12 மணி நேரம்: 240. வயர்லெஸ் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் 6 வாட், நாள் முழுக்க 144. பேசும்போது 70 வாட் வரை போகும், ஆனால் பேச்சு மொத்தம் கால் மணி நேரம்தான், அதற்கு 18. டிரான்ஸ்பாண்டருக்கு 10 வாட் என்று வைத்தால் 240. எட்டுப் பேரின் செல்போன்களுக்கு 120. அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப்புக்கு 30. கூட்டினால் ஏறக்குறைய 1,200 வாட்-மணி. நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கும் குறைவு.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். பெரிய வாட் உள்ள சாமான் பெரிய செலவாளி இல்லை. நாள் முழுக்க ஓயாமல் குடிக்கும் சின்னச் சாமான்தான் பேட்டரியைக் காலி செய்கிறது. 10 வாட் டிரான்ஸ்பாண்டர் ஒரு நாளில் எடுப்பது, 40 வாட் தள விளக்குகள் எடுப்பதை விட அதிகம்.

இதில் எதற்குமே இன்வெர்ட்டர் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாமே 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. ஆனால் மசாலா அரைக்க மிக்ஸி வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் இன்வெர்ட்டர் வந்துவிடுகிறது. 500 வாட் மிக்ஸியை நாளுக்கு ஆறு நிமிடம் ஓட்டினால் 50 வாட்-மணி; இன்வெர்ட்டரில் விரயமாவதைச் சேர்த்தால் 60. நாளின் மொத்தக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் மிக்ஸி ஓடாத நேரத்திலும் ஸ்விட்சை அணைக்காமல் விட்டால், சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் 15 வாட் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு 360 வாட்-மணி, மிக்ஸி எடுத்ததைப் போல ஆறு மடங்கு. படகு இன்வெர்ட்டருக்கு முதலில் தேவை, கைக்கு எட்டும் இடத்தில் ஓர் அணைக்கும் ஸ்விட்ச்.

இன்வெர்ட்டரின் அளவு வேறு கணக்கு. பேட்டரியின் அளவை எத்தனை மணி நேரம் என்பது தீர்மானிக்கிறது, இன்வெர்ட்டரின் அளவையோ மிகக் கடினமான ஒரே ஒரு நொடி. மோட்டார் உள்ள எதுவும் அசையத் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கேட்கும். மிக்ஸி மூன்று மடங்கு, ஃப்ரிட்ஜின் கம்ப்ரெஸர் ஐந்து ஆறு மடங்குகூட. ஆகவே 500 வாட் மிக்ஸிக்கு 1,000 வாட் இன்வெர்ட்டர், அதுவும் சில நொடிகளுக்கு இரட்டிப்புத் தாங்குவதாக. பெட்டியின் மேல் போட்டிருக்கும் விஏ எண்ணை வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 850 விஏ என்றால் கைக்கு வருவது 700 வாட்டுக்குள்தான் இருக்கும். அலைவடிவமும் சுத்தமான சைன் அலையாக இருக்கட்டும். சதுர அலையில் மோட்டார்கள் சூடாகும், இரையும்.

அந்த ஒரு நொடியில் கம்பிக்கு என்ன ஆகிறது என்பது இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 12 வோல்ட்டிலிருந்து 1,000 வாட் எடுக்க, விரயத்தையும் சேர்த்தால் 93 ஆம்பியர் ஓட வேண்டும். பேட்டரி எஞ்சின் அறையில், இன்வெர்ட்டர் நான்கு மீட்டர் தள்ளி. போகவர எட்டு மீட்டர் செம்புக் கம்பி, 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு. அதன் மின்தடை ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் 93 ஆம்பியர் அதைக் கடக்கும்போது அரை வோல்ட் கம்பியிலேயே போய்விடுகிறது. மிக்ஸி கிளம்பும் கணத்தில் 1,500 வாட் கேட்டால் இழப்பு 0.8 வோல்ட். பேட்டரியும் பளு தாங்காமல் தானாக ஒரு வோல்ட் சரிந்திருக்கும். 10.5 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட இன்வெர்ட்டர் 'பேட்டரி காலி' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். பேட்டரியோ முக்கால்வாசி நிறைந்திருக்கும். பலர் இந்த இடத்தில் பேட்டரியைத் திட்டுகிறார்கள், புதிது வாங்குகிறார்கள். மாற்ற வேண்டியது கம்பி. இல்லாவிட்டால் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகே கொண்டுவர வேண்டும், ஒரே பெட்டிக்குள் அல்ல. அதே கம்பியில் 24 வோல்ட் வைத்தால் ஓடும் ஆம்பியர் பாதியாகிறது, வோல்டேஜ் இழப்பு சதவீதக் கணக்கில் கால்வாசியாகிறது. ஆயிரம் வாட்டைத் தாண்டினால் 24 வோல்ட்டுக்குப் போய்விடலாம், அதற்குள் 12 போதும்.

இனி பேட்டரியின் அளவு. மிக்ஸியும் சேர்த்து நாளுக்கு 1,250 வாட்-மணி. எஞ்சின் கைவிட்டாலும் இரண்டு நாள் எதையும் குறைக்காமல் தாங்க வேண்டும் என்றால் 2,500. ஈய பேட்டரியில் பாதிதான் நம் பங்கு என்பதால் 5,000 வாட்-மணி வாங்க வேண்டும். 12 வோல்ட்டில் 417 ஆம்பியர்-மணி. ஹெப்பகோடிக் கடையின் அதே 150 ஆம்பியர்-மணிப் பெட்டிகள் மூன்று, ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் எடுக்கலாம், 3,125 வாட்-மணி போதும். எடை முப்பது கிலோ சொச்சம்.

அந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் கதையில் ஒரு தமிழ்நாட்டு முகம் உண்டு. தென்தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து இரும்பு சல்ஃபேட் போன்ற பொருள்கள் லித்தியத்தை ஏற்று விடுவிப்பதை ஆராய்ந்தார். அந்தத் தடத்தில்தான் பாதி, நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்களும் குட்எனஃபும் 1997-இல் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தார்கள். 2019-இல் ஸ்டாக்ஹோமில் குட்எனஃபின் சார்பாக நோபல் உரையை வாசித்தவர் மந்திரம்தான். இந்தப் பொருளில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் கழன்று தீயை வளர்ப்பதில்லை. ஓடி ஒதுங்க இடமில்லாத படகில் இது சாதாரண நன்மை அல்ல.

ஆனால் லித்தியத்துக்கும் குணக்கேடுகள் உண்டு. கொடுக்கும் ஆம்பியரை எல்லாம் தயங்காமல் வாங்கிக்கொள்வதால், மெல்ல ஓடும் எஞ்சினில் டைனமோ முழுப் பளுவில் நெடுநேரம் வேலை செய்து கருகிவிடலாம். உள்ளிருக்கும் காவல் சுற்று ஆபத்து என்று நினைத்தால் முன்னறிவிப்பில்லாமல் துண்டித்துவிடும். அந்தக் கணத்தில் டைனமோவின் டயோடுகள் போய்விடக்கூடும், படகின் எல்லா விளக்குகளும் ஒரே நொடியில் அணையும். ஈய பேட்டரி மங்கி மங்கி எச்சரிக்கும். அதன் தொல்லைகள் வேறு. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வரும், நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பெரிதும் அஞ்சிய நச்சு அது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே பலர் எஞ்சினுக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்கிறார்கள், இடம் அங்கேதான் இருக்கிறது என்பதால். எந்த வகையானாலும் பேட்டரியின் வாயருகே ஒரு ஃப்யூஸ் கட்டாயம். இரு முனைகளும் உரசினால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்.

நாம் சேர்த்த 2,500 வாட்-மணிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. இடர் வந்த அன்று டிரான்ஸ்பாண்டர், வயர்லெஸ், வழிவிளக்கு, பம்ப் இவை நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தால் செலவு நாளுக்கு 612. இரண்டு நாள் பேட்டரி நான்கு நாளாகிறது. அந்த அணைக்கும் வரிசையைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, ஸ்விட்ச் பலகையில் அந்த நான்கையும் தனி வரிசையில் வைத்துவிட வேண்டும். புயலில், இருட்டில், எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே பேட்டரித் தொகுதி, ஒரே ஃப்யூஸ், ஒரே கம்பி. எஞ்சின் அறைக்குள் நீர் ஏறினால் நான்கு நாள் கணக்கு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகள் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டன. ரேடியோவுக்குக் கப்பலின் மின்சாரத்தைச் சாராத தனி மின்மூலம் இருக்க வேண்டும், அவசர ஜெனரேட்டர் இல்லாத கப்பலில் அது ஆறு மணி நேரம் தாங்க வேண்டும். கப்பலின் அவசர மின்சார ஏற்பாடு மேல்தளத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். நம் விசைப்படகுக்கு இது பெரிய செலவில்லை. வயர்லெஸ்ஸையும் டிரான்ஸ்பாண்டரையும் பேச்சு நேரத்தோடு சேர்த்து ஒரு நாள் முழுக்க ஓட்ட 402 வாட்-மணி போதும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றே இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். அதைச் சுக்கான் அறையின் கூரையை ஒட்டி, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இறுகக் கட்டி, தனி ஃப்யூஸ் போட்டு, கீழே உள்ள தொகுதியிலிருந்து சார்ஜ் மேலே போகலாம், மேலிருந்து கீழே இறங்கக் கூடாது என்றபடி இடையில் ஒரு டயோடோ டிசி-டிசி சார்ஜரோ வைத்து இணைத்துவிட வேண்டும்.